திருப்புதல் பயிற்சி

பின்லாந்தின் டாம்பெரே நகரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், ஒரு சாண் கனமுள்ள இரும்புக் கதவுக்குப் பின்னால் என் வெட் கிரைண்டர் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே கம்பிவலை அடித்த ஒரு கூண்டு. பனிச்சறுக்குக் கட்டை, கோடைக்கால டயர், பிள்ளை வளர்ந்த பிறகும் தூக்கிப்போட மனசு வராத தொட்டில் என்று ஆளாளுக்கு எதையாவது போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் கூண்டில் கிரைண்டரும் இரண்டு மூட்டை பொன்னி அரிசியும். சமையலறையில் இடமில்லை. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கிரைண்டர் மேலே ஏறும், ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும்.

அந்தக் கதவில் ஆரஞ்சுச் சதுரத்துக்குள் நீல முக்கோணம் வரைந்த பலகை ஒன்று இருந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் அது என்னவென்று கேட்டேன். போர்க்காலப் பதுங்கு அறையாம். சாதாரண நாளில் சாமான் வைத்துக்கொள்ளலாம். உத்தரவு வந்தால் 72 மணி நேரத்துக்குள் கூண்டுகளைப் பிரித்து, சாமான்களை வெளியேற்றி, கையால் சுற்றும் காற்று வடிகட்டியை ஓட வைத்து, ஆட்கள் உட்காரத் தயாராக்க வேண்டும். பெரிய கட்டடம் எழுப்புகிறவர் எவரும் இதையும் கட்டியே தீர வேண்டும் என்பது சட்டம். நாடு முழுக்க இப்படி 50,000-க்கும் மேல். 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் சுமார் 48 லட்சம் பேருக்கு மண்ணுக்கடியில் இடம் உண்டு. அன்றிலிருந்து அந்தக் கிரைண்டரைத் தூக்கும்போதெல்லாம், சண்டை வந்தால் முதலில் இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற யோசனை ஒரு ஓரத்தில் ஓடும்.

அதே வருடம் என் டீம் லீடுக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பதை நெருங்குகிற மனிதர். பதினெட்டு, பத்தொன்பது வயதில் கட்டாயச் சேவை முடித்தவர். ஒரு வாரம் வரமாட்டேன், ரிலீஸைத் தள்ளி வை என்றார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு ஒரே சொல்: "கெர்தாவுஸ்." மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன்னால் பாடத்தைத் திரும்பப் படிப்பதற்கும் அதே சொல்தான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் திருப்புதல். ஒருமுறை சேவை செய்தவர்களை அவ்வப்போது கூப்பிட்டு, கற்றது மறந்துவிட்டதா என்று பார்க்கும் திருப்புதல் பயிற்சி.

"இந்தப் பெயருக்கு இங்கே ஒரு பழைய கதை இருக்கிறது" என்றார். அவர்கள் ஊரில் இவ்வளவு நீளமாக ஒருவர் பேசிவிட்டால் அது பிரசங்கம். மிச்சத்தை நான்தான் தேடித் தேடிப் படித்தேன்.

1939 அக்டோபர் 5. பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்புங்கள் என்று மாஸ்கோவிலிருந்து பின்லாந்துக்கு அழைப்பு வருகிறது. இந்த மாதிரி அழைப்புக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்புதான் எஸ்தோனியா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, சோவியத் படைத்தளங்களுக்கு இடம் கொடுத்துத் திரும்பியிருந்தது. லாத்வியா அதே 5-ஆம் தேதி கையெழுத்திட்டது. லித்துவேனியா 10-ஆம் தேதி. அடுத்தது பின்லாந்து. லெனின்கிராடிலிருந்து 32 கிலோமீட்டரில் எல்லை இருப்பது எங்களுக்கு ஆபத்து, அதைத் தள்ளி வையுங்கள், சில தீவுகளைக் கொடுங்கள், ஹாங்கோ முனையை முப்பது வருடக் குத்தகைக்கு விடுங்கள், பதிலுக்கு வடக்கே கரேலியாவில் இதைவிடப் பெரிய நிலம் தருகிறோம் என்பது ஸ்டாலின் தரப்புக் கோரிக்கை.

அப்போது பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 37 லட்சம். இன்றைய கோவை மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 17 கோடி.

படை திரட்டுகிறோம் என்று அறிவித்தால் அதையே சாக்காக வைத்துச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அறிவிக்காமல் இருந்தால் எஸ்தோனியாவின் கதிதான். அந்த அரசாங்கம் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தது. அக்டோபர் 6 அன்று எல்லைக் காவல் படைகளுக்கான ஆட்கள், 14-ஆம் தேதியிலிருந்து மொத்தப் படைக்கான ஆட்கள் என்று வரச்சொல்லிக் கடிதம் போனது. காரணம்: "கூடுதல் திருப்புதல் பயிற்சி". சுமார் மூன்று லட்சம் பேர், போர் என்ற சொல்லே இல்லாத ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் நம்பவில்லை. எல்லோரும் போனார்கள்.

உருளைக்கிழங்கு தோண்டி முடித்திருந்த நேரம். கையிலிருக்கும் நல்ல பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கம்பளி உள்ளாடை, இரண்டு நாள் சாப்பாட்டோடு வரவும் என்கிற பாணியில்தான் அழைப்பு. போய்ச் சேர்ந்த பலருக்குச் சீருடை இல்லை. ஒரு பெல்ட், தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னம், ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டிலிருந்து வந்த கோட்டும் கால்சட்டையும். அந்தச் சின்னம் ஏன் முக்கியம் என்றால், அது இல்லாமல் பிடிபட்டால் போர்வீரன் என்ற கணக்கில் வராது. இந்த உடைக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் "கயாண்டர் மாடல்". கயாண்டர் அன்றைய பிரதமர். ராணுவத்துக்குப் பணம் கேட்டபோதெல்லாம் கையை விரித்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்த ஆகஸ்டில்தான், கிடங்கில் துருப்பிடிக்கும் ஆயுதங்களை வாங்கிக் குவிக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று மேடையில் பேசியிருந்தார். நவம்பரில் அவர் பெயர் கோட்டு சூட்டுக்குப் பெயராகிவிட்டது. ஊர்வாய் எங்கேயும் ஊர்வாய்தான்.

அவர் மீது முழுப் பழியையும் போடவும் எனக்கு மனமில்லை. ஏழை நாடு. பள்ளிக்கூடமும் நிலமும் முதலில் என்றார்கள். ஆனால் கணக்கு கணக்குதான். சண்டை தொடங்கியபோது கையிருப்பில் இருந்த பீரங்கிக் குண்டுகள் மூன்று வாரப் போருக்குத்தான் காணும். டாங்க் எதிர்ப்புத் துப்பாக்கிகள் மிகக் குறைவு. நேரில் ஒரு டாங்க்கைப் பார்த்திராத ஆட்களே பெரும்பான்மை. தளபதி மன்னர்ஹைமுக்கு வயது 72. அவர் பல வருடமாகக் கேட்டும் கிடைக்காததை எண்ணி, நவம்பர் கடைசியில்கூட ராஜினாமா செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று அரசாங்கத்திடம் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்பதைச் சிலை வைப்பவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆட்களுக்கு அப்புறம் குதிரைகள். லாரி குறைவு, சாலை குறைவு, காடு அதிகம். பீரங்கி இழுக்க, சமையல் வண்டி இழுக்க, காயம்பட்டவரைச் சறுக்கு வண்டியில் கொண்டுவர எல்லாவற்றுக்கும் குதிரை. சுமார் 60,000 குதிரைகளைக் கிராமங்களிலிருந்து எடுத்தார்கள். வயது, உயரம், அடையாளம், மதிப்பு எல்லாம் எழுதி, சொந்தக்காரருக்குச் சீட்டு கொடுத்து ஓட்டிப் போனார்கள். காளையை விற்றுவிட்டு வீடு திரும்புகிறவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அக்டோபர் புரியும். குளிர்காலத்தில் மரம் வெட்டி இழுத்தால்தான் அந்த வீட்டுக்குக் கைக்காசு. புருஷனும் போய், குதிரையும் போய், ஒரு பெண்ணும் பிள்ளைகளும் ஒரு கிழவரும் மிச்சம்.

அந்தப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. லோத்தா ஸ்வார்ட் என்று ஒரு பெண்கள் அமைப்பு. சாம்பல் நிறக் கவுன், வெள்ளைக் காலர். ஒரு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். துப்பாக்கி தூக்கவில்லை. சமைத்தார்கள், ரொட்டி சுட்டார்கள், படைகளின் துணி துவைத்தார்கள், கோபுரங்களில் ஏறி நின்று விமானம் வருகிறதா என்று பார்த்துப் போன் செய்தார்கள், வெள்ளைத் துணியில் பனி அங்கி தைத்தார்கள். இறந்தவர்களைக் குளிப்பாட்டி, முகம் துடைத்து, பெட்டியில் வைத்ததும் அவர்கள்தான். உறைந்து கிடக்கும் உடலை முதலில் இளக்க வேண்டும். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள்.

இதற்கு நடுவில் அக்டோபர் 9 இரவு, ஹெல்சிங்கி ரயில் நிலையத்திலிருந்து பாசிகிவி என்ற பெரியவர் பேச்சுவார்த்தைக்காக மாஸ்கோ கிளம்பினார். வழியனுப்பக் கூட்டம் கூடியது. கோஷம் இல்லை, பாட்டுதான். தேவாலயத்துப் பாட்டும் தேசிய கீதமும். ஒரு கிழவரை ஒரு நாடே ரயிலேற்றி விட்டது. அவர் போனார், வந்தார், மறுபடி போனார். நவம்பர் நடுவில் பேச்சு முறிந்தது.

முறிந்த பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபரில் பயந்து நகரங்களைக் காலி செய்த குடும்பங்கள், சரி ஆபத்து போய்விட்டது போல என்று மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தன. மூடியிருந்த பள்ளிகளைத் திறக்கிற பேச்சு வந்தது. மூன்று லட்சம் ஆண்களைக் காட்டில் உட்காரவைத்துச் சோறு போட எவ்வளவு நாள் தாங்கும், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பலாமே என்று கஜானாக் கவலை வேறு. அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஆறேழு வாரத்தில் அவர்கள் காட்டில் பதுங்கு குழி தோண்டினார்கள், டாங்க்கைத் தடுக்கக் கல் நட்டார்கள், எந்தப் பாறைக்குப் பின்னால் எது தெரியும் என்று பார்த்து வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ஒரே கூடாரத்தில் ஒரே அடுப்பைச் சுற்றிப் படுத்துப் பழகினார்கள். திருப்புதல் என்று வேஷத்துக்கு வைத்த பெயர். கடைசியில் நிஜமாகவே திருப்புதல் நடந்துவிட்டது.

நவம்பர் 26 மைனிலா என்ற எல்லைக் கிராமத்தில் குண்டு விழுந்தது, பின்லாந்துதான் சுட்டது என்றது மாஸ்கோ. 30-ஆம் தேதி காலை ஹெல்சிங்கி மீது விமானங்கள் வந்தன. போர் அறிவிப்பு எதுவும் இல்லை.

குளிர்காலப் போர் என்று பெயர் பெற்ற இந்தப் போரைப் பற்றிப் பேசினால் உடனே "சிசு" என்பார்கள், அசைக்க முடியாத மன உறுதி. வெள்ளை அங்கி, பனிச்சறுக்கு, மறைந்திருந்து சுடும் வீரர் என்று யூடியூபில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். எனக்கு அதில் அலுப்பு. மன உறுதி 1918-லும்தான் இருந்தது. அந்த உறுதியை அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் காட்டினார்கள்.

1918 உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் சிவப்பர்கள், ஆலைத் தொழிலாளிகளும் குத்தகை விவசாயிகளும். மறு பக்கம் வெள்ளையர்கள், நிலக்காரர்களும் நடுத்தர வர்க்கமும். வெள்ளையரின் தளபதி யார்? இதே மன்னர்ஹைம். சில மாதத்தில் 36,000-க்கும் மேல் செத்தார்கள். அதில் பெரும் பங்கு சண்டையில் இல்லை. சுட்டுக் கொன்றதிலும், தோற்ற பிறகு சிறை முகாம்களில் பசியிலும் நோயிலும் போனது. டாம்பெரே அந்தப் போரின் மிகப் பெரிய களம். செங்கல் ஆலைகளும் புகைபோக்கிகளுமான தொழிலாளர் ஊர் அது, சிவப்பர் கோட்டை. ஏப்ரலில் விழுந்தது.

அதற்கு இருபத்தொரு வருடம் கழித்து, அந்த ஊர் அப்பாக்களின் பிள்ளைகளுக்குத்தான் திருப்புதல் கடிதம் போனது. வருவார்களா? ஸ்டாலின் வரமாட்டார்கள் என்று நினைத்தார். போர் தொடங்கிய மறுநாளே தெரியோகி என்ற எல்லை ஊரில், 1918-ல் தோற்று ஓடிய ஓட்டோ வில்லே கூசினன் தலைமையில் ஒரு "மக்கள் அரசாங்கத்தை" உட்காரவைத்தார். தொழிலாளிகள் அந்தப் பக்கம் சாய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு. சாயவில்லை.

ஏன் என்று யோசித்தால் பதில் பாசறையில் இல்லை, பத்திரப்பதிவில் இருக்கிறது. 1918 முடிந்த கையோடு குத்தகைக்காரர்கள் உழுத நிலத்தைச் சொந்தமாக வாங்க சட்டம் வந்தது. 1922-ல் நிலமில்லாதவர்களுக்கும் நிலம் கிடைக்க இன்னொரு சட்டம். அதைக் கொண்டுவந்த விவசாயி கல்லியோதான் 1939-ல் ஜனாதிபதி. தோற்ற பக்கத்துக் கட்சியான சமூக ஜனநாயகவாதிகள் 1937-லிருந்து ஆட்சியில் பங்காளிகள். காயம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காப்பதற்கு அவர்களுக்கும் ஒரு துண்டு நிலமும் ஓர் ஓட்டும் இருந்தன.

டாம்பெரே ஆட்களுக்குத் தளபதியாக வந்தவர் ஆரோ பயாரி. இந்த மனிதரின் கதை எனக்கு மறக்காது. 1933-ல் இதே டாம்பெரேயில், தொழிலாளர் விழாவுக்குக் கட்டியிருந்த செங்கொடிகளை ஆட்களோடு போய் அறுத்து இறக்கியவர் அவர். ஊரே கொதித்தது. "கொடிச் சண்டை" என்று இன்றும் பெயர். ஆறு வருடம் கழித்து, அந்தக் கொடியைக் கட்டிய வீட்டுப் பையன்கள் அவர் கீழே வரிசையில் நிற்கிறார்கள். பதினாறாவது ரெஜிமென்ட்.

டிசம்பரில் அவர்களை லடோகா ஏரிக்கு வடக்கே தோல்வயார்விக்கு அனுப்பினார்கள். அங்கே பின்லாந்துப் படை பின்வாங்கிக்கொண்டே இருந்த நேரம். 10-ஆம் தேதி இரவு, காடு வழியாகச் சுற்றி வந்த ஒரு சோவியத் படைப்பிரிவு, வரோலம்பி குளத்தருகே பின்லாந்தினரின் முதுகுப் பக்கம் வந்து சேர்ந்தது. முன்னே யாரும் இல்லை, சமையல்காரர்கள் மட்டும். நேராகப் போயிருந்தால் மொத்த அணியும் சிக்கியிருக்கும். ஆனால் அங்கே அடுப்பில் சாசேஜ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பசியோடு பனியில் நடந்து வந்தவர்கள் நின்றார்கள், சாப்பிட்டார்கள். அந்த இடைவெளியில் பயாரி கையில் கிடைத்த சமையல்காரர்கள், குமாஸ்தாக்கள், வண்டிக்காரர்கள் எல்லோரையும் திரட்டி இருட்டில் பாய்ந்தார். "சாசேஜ் சண்டை" என்று அதற்குப் பெயர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நடந்தது கைகலப்பு, கத்தியும் பயோனெட்டுமாக. இரண்டு நாள் கழித்து, 12-ஆம் தேதி, தோல்வயார்வியில் பின்லாந்தின் முதல் பெரிய வெற்றி. செங்கொடியை அறுத்தவரும், அறுபட்ட கொடிக்காரர்களும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

ஊர்வாரியாகப் படை திரட்டுவதில் ஒரு வசதி, ஒரு கொடுமை. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கம்பெனியில் இருப்பதால் ஒருவரை ஒருவர் விட்டு ஓட முடியாது. திரும்பி வந்து எந்த முகத்தோடு அவன் அம்மாவைப் பார்ப்பது? கொடுமை, ஒரு மோசமான காலைப் பொழுது போதும், ஒரே தெருவில் நாலு வீட்டுக்குச் சாவுச் செய்தி வரும். செய்தியோடு உடலும் வரும். முடிந்தவரை ஒவ்வொருவரையும் அவரவர் ஊர்த் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து புதைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். இன்று பின்லாந்தில் எந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போனாலும் ஒரே அளவுக் கற்கள் வரிசையாக இருப்பது இதனால்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்த கதைதான். சாராய ஆலை ஐந்து லட்சத்துக்கும் மேல் பெட்ரோல் குண்டு பாட்டில்கள் நிரப்பித் தந்தது. குண்டு போடவில்லை, ரொட்டி போடுகிறோம் என்று சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் சொன்னதால், ரொட்டிக்குப் பொருத்தமான பானம் என்று அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். சாலையில் நீளமாக வந்து மாட்டிய பெரிய படைகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தத் துண்டுக்கு "மொத்தி" என்று பெயர். விறகை வெட்டி ஒரு கன மீட்டர் அளவுக்கு அடுக்கி வைத்தால் அதுவும் மொத்தி. மரவெட்டிகளின் படையில் வேறென்ன பெயர் கிடைக்கும்? ஜனவரியில் இன்னொன்று நடந்தது. முதலாளிகள் சங்கம் முதன்முறையாகத் தொழிற்சங்கத்தைப் பேச்சுக்குரிய தரப்பு என்று ஏற்றது. என்னைக் கேட்டால் அந்தக் காகிதம் ஒரு டிவிஷனுக்குச் சமம்.

அப்படியும் தோற்றார்கள். 105 நாள். 1940 மார்ச் 13 காலை பதினொரு மணிக்குத் துப்பாக்கிகள் நின்றன. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். நாட்டில் பத்தில் ஒரு பங்கு போனது, வீபுரி நகரம் உட்பட. முதலில் கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டியிருந்தது. பறிபோன கரேலியப் பகுதியிலிருந்து நாலு லட்சம் பேர் மாட்டையும் பிள்ளையையும் ஓட்டிக்கொண்டு மேற்கே வந்தார்கள். கொடுத்திருந்தால் தப்பியிருக்கலாமோ என்ற கேள்விக்கு நான் எஸ்தோனியாவைப் பார்க்கிறேன். கொடுத்தார்கள், அடுத்த ஜூனில் நாடே போனது. பின்லாந்து 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து இழந்ததைப் பிடிக்கப் போய், பழைய எல்லையையும் தாண்டிப் போனது வேறு கதை. அந்த அத்தியாயத்தில் அவர்களுக்காக எனக்கு இந்த அளவு இரக்கம் வருவதில்லை.

டீம் லீட் பயிற்சி முடிந்து திரும்பி வந்தார். தோளில் சுளுக்கு, முகத்தில் கொசுக்கடி. எப்படி இருந்தது என்றேன். "சூப் பரவாயில்லை" என்றார்.

அந்த டிசம்பர் 24 மாலை என்னை அவர் கலேவன்கங்காஸ் கல்லறைக்குக் கூட்டிப்போனார். மூன்றரை மணிக்கே இருட்டு. ஊரே அங்கே இருந்தது. பனிக்குள் குழி தோண்டி ஆளாளுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் எரிகிறது, சத்தமே இல்லை. முதலில் போர்வீரர் வரிசைக்குப் போனார். தாத்தாவின் அண்ணன், 1939 டிசம்பர். கையுறையால் கல்லின் பனியைத் துடைத்து ஒன்று ஏற்றினார். அப்புறம் நடந்து, அதே கல்லறையின் இன்னொரு பக்கத்துக்கு. 1918-ல் சிவப்பர்களை மொத்தமாகப் புதைத்த இடம். தனிப்பெயர்க் கல் கிடையாது. அங்கே இருப்பவர் மேலே வரிசையில் இருப்பவருக்கு அப்பா. அங்கேயும் ஒன்று.

பையில் இன்னும் ஒன்று இருந்தது. வேறெங்கோ புதைக்கப்பட்டவர்களுக்கு என்று இங்கே கல்லறைகளில் ஒரு பொது இடம் உண்டு. கரேலியாவில் விட்டுவிட்டு வந்த கல்லறைகளுக்கு விளக்கு வைக்க முடியாதவர்கள் அங்கே வைப்பார்கள். என்னைப் பார்த்து, "உனக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டு அதை நீட்டினார். அப்பாவைக் காவிரியில் கரைத்து நாலு வருடம் ஆகியிருந்தது. தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை அவர் கையை மடக்கிக் காற்றை மறைத்துப் பிடித்தார்.